ரெண்டே மணி நேரம்... ஊரே காலி!



இந்த வாரம் ஒரு சின்ன கற்பனை. ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. காதர்பேட்டையில வழக்கமான கூட்டம். எக்ஸ்போர்ட் மிச்சம் டி-ஷர்ட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நாம பேரம் பேசிட்டு நிக்கிறோம். ஒலிபெருக்கி கட்டின வண்டி ஒண்ணு வருது. வீட்டுக்கு ஒருத்தர் உடனே மைதானத்துக்கு வரணுமாம். என்னமோ ஏதோனு எல்லாரும் ஓடுறாங்க. அங்கே துப்பாக்கியோட நிக்கிறவங்க சொல்ற சேதி ஒண்ணே ஒண்ணுதான். இங்கே இருக்கிற அத்தனை முஸ்லிம்களும் ரெண்டு மணி நேரத்துல ஊரை விட்டுப் போயிடணும். கடை, வீடு, மெஷின், வண்டி, நகை எல்லாம் அப்படியே இருக்கட்டும். நீங்க மட்டும் கிளம்புங்க!

கடைக்கார பாய் என்னத்தை எடுப்பார்? நம்ம கூட செகண்ட் இயர் படிக்கிற அவர் பொண்ணு மார்க் ஷீட்டைத் தேடுவாளா, நடக்க முடியாத பாட்டியைத் தூக்குவாளா?

'ஓவரா படம் ஓட்டாத மச்சி'னு சொல்லாதீங்க. ஊர்ப் பேரை மட்டும்தான் மாத்தியிருக்கேன். இது நிஜமா நடந்தது யாழ்ப்பாணத்துல. 1990, அக்டோபர் 30. உத்தரவு போட்டவங்க பேசினதும் தமிழ். அதைக் கேட்டு விக்கிச்சு நின்னவங்க பேசினதும் தமிழ்!

'முஸ்லிம் எங்கடா வந்தாங்க?'

கேன்டீன்ல இந்த மேட்டரை எடுத்ததும் என் ஃப்ரெண்ட் கேட்ட முதல் கேள்வி, "இலங்கைன்னா சிங்களர், தமிழர்... அவ்வளவுதானேடா? முஸ்லிம் எங்கடா வந்தாங்க?"

அவனைக் குத்தம் சொல்ல முடியாது. 2009-ல முள்ளிவாய்க்கால் நடந்தப்போ நாங்க எல்லாம் எல்.கே.ஜி. 2013 மார்ச்ல லயோலா காலேஜ்ல ஆரம்பிச்சு தமிழ்நாடு முழுக்க ஸ்டூடன்ட்ஸ் ஈழத்துக்காக ரோட்டுக்கு வந்தாங்களே... அந்த அண்ணன்மாருங்க சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அந்தக் கதைகள்ல இந்த எபிசோடு கிடையாது.

ஸோ, ஒரு குட்டி இன்ட்ரோ. இங்கே தமிழ் பேசுற முஸ்லிம் தன்னைத் தமிழர்னே சொல்லிக்குவார். இலங்கையில கணக்கு வேற. அங்கே முஸ்லிம்கள் தனி இனம். சோனகர்னும் சொல்றது உண்டு. சென்சஸ்லயும் தனி, அரசியல்லயும் தனி. ஆனா, வடக்குலயும் கிழக்குலயும் இருக்கிற முஸ்லிம்களோட வீட்டு மொழி, பள்ளிக்கூட மொழி எல்லாமே தமிழ்தான். யாழ்ப்பாணம் டவுன்ல சோனகத் தெரு, ஐந்து சந்தி பக்கமெல்லாம் அவங்க தலைமுறை தலைமுறையா வாழ்ந்த இடம். துணிக்கடை, தையல் கடை, இரும்புக் கடை, லாரி, இறைச்சிக் கடைனு டவுனோட தினசரி வாழ்க்கையில பாதி வேலை அவங்க கையில இருந்தது. மன்னார்ல மீன்பிடி, விவசாயம், வியாபாரம்.

திருப்பூர்க்காரங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. இந்த ஊரோட முதல் பனியன் கம்பெனியையே 1925-ல குலாம் காதர்ங்கிறவர் ஆரம்பிச்சதாத்தான் தொழில் வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. அவங்களை எடுத்துட்டு இந்த ஊரைக் கற்பனை பண்ண முடியுமா? யாழ்ப்பாணத்துக்கும் அதே கதைதான்.

அந்த ரெண்டு வாரம்

1990 மார்ச்ல இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டுக் கிளம்புது. ஜூன்ல புலிகளுக்கும் இலங்கை ராணுவத்துக்கும் மறுபடி சண்டை. கிழக்கு மாகாணத்துல தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி ரத்தம் பார்த்த காலம் அது. அந்த ஆகஸ்ட் 3-ம் தேதி, காத்தான்குடியில ரெண்டு பள்ளிவாசல்கள்ல தொழுதுட்டு இருந்த நூத்துக்கும் மேற்பட்டவங்களைப் புலிகள் சுட்டுக் கொன்னாங்க. ஏறாவூர்லயும் அதே மாசம் படுகொலை.

வடக்குல அப்படி எந்த மோதலும் இல்லை. அங்கே முஸ்லிம்கள் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. இருந்தும் அக்டோபர் நடுவுல சாவகச்சேரியில ஆரம்பிச்சது. அடுத்து மன்னார். அங்கே எருக்கலம்பிட்டி பெரிய முஸ்லிம் ஊர். முதல்ல வீடுகள்ல இருந்த பொருட்களை அள்ளினாங்க. அப்புறம் ஆட்களைக் கிளம்பச் சொன்னாங்க. கடற்கரையில காத்துக் கிடந்து, கிடைச்ச படகுல ஏறி, தெற்கே கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தாங்க. மன்னார்ல தமிழர்களும் பாதிரியார்களும் 'இப்படிச் செய்யாதீங்க'னு கேட்டுப் பார்த்ததாவும் பதிவு இருக்கு. கேட்கத்தான் ஆள் இல்லை.

கடைசியா அக்டோபர் 30, யாழ்ப்பாணம் டவுன். ஒஸ்மானியா கல்லூரிப் பக்கம் மைதானத்துக்கு வரச் சொல்லி, ரெண்டு மணி நேரம் கெடு கொடுத்தாங்க. கையில கொண்டுபோக விட்டது சில நூறு ரூபாயும் மாத்துத் துணியும். வழியில நிறுத்தி நிறுத்திச் செக்கிங். காதுல கிடந்த தோட்டைக்கூடக் கழட்டி வாங்கினாங்கனு வெளியேத்தப்பட்ட பெண்கள் சாட்சி சொல்லியிருக்காங்க.

ரெண்டு வாரத்துல, புலிகளோட கட்டுப்பாட்டுல இருந்த வடக்குப் பகுதிகள் முழுக்க முஸ்லிமே இல்லாத இடமா மாறிடுச்சு. போனவங்க சுமார் 75,000 பேர்!

ஏன்? அன்னிக்குப் புலிகள் காரணம்னு ஒண்ணைத் தெளிவாச் சொல்லலை. 'ராணுவத்துக்கு உளவு சொல்றாங்க'ங்கிற சந்தேகம், கிழக்குல நடந்ததுக்குப் பழிவாங்கல்னு பின்னால பல விளக்கங்கள் வந்துச்சு. எந்த விளக்கத்தை வெச்சுப் பார்த்தாலும், யாரோ நாலு பேர் மேல இருந்த சந்தேகத்துக்கு, தொட்டில்ல கிடந்த குழந்தை வரைக்கும் 75,000 பேருக்கும் ஒரே தண்டனை. இதுக்கு உலகம் வெச்சிருக்கிற பேர், இனச் சுத்திகரிப்பு.

இதை எழுதி வெச்சது யாரு தெரியுமா? யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்தான். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, உயிரைப் பணயம் வெச்சு இதையெல்லாம் அறிக்கையா வெளியிட்டது. அந்த அமைப்பைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான டாக்டர் ரஜனி திராணகம அதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான், 1989 செப்டம்பர்ல, சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நம்ம தரப்பு தப்பு பண்ணும்போது சத்தமா சொல்றதுக்கு எவ்வளவு தில் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

அகதி... ஆனா அகதி இல்லை!

போனவங்கள்ல பெரும்பாலானவங்க சேர்ந்த இடம் புத்தளம். மன்னாருக்குத் தெற்கே, கடலோர மாவட்டம். அங்கே இருந்த மக்கள் ஆரம்பத்துல பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டு, சோறு பொங்கிப் போட்டாங்க. 'ரெண்டு மூணு மாசத்துல ஊருக்குத் திரும்பிடலாம்'னுதான் எல்லாரும் நினைச்சாங்க. கிடுகு வேய்ஞ்ச குடிசை போட்டாங்க. மாசம் வருஷமாச்சு. வருஷம் இருபதாச்சு!

சொந்தமாக் கடை வெச்சிருந்தவர் உப்பளத்துல கூலிக்குப் போனார். நிலம் வெச்சிருந்தவர் அடுத்தவர் வெங்காயத் தோட்டத்துல களை பறிச்சார். திருப்பூர்ல பத்து மெஷின் போட்டு கம்பெனி நடத்தினவர், இன்னொரு ஊர்ல போய்ப் பிசிறு வெட்டுற வேலைக்கு நிக்கிற மாதிரி.

இங்கேதான் சட்டம் ஒரு ட்விஸ்ட் வைக்குது. 1951-ம் வருஷ ஐ.நா. உடன்படிக்கைப்படி, நாட்டு எல்லையைத் தாண்டினாத்தான் ஒருத்தர் அகதி. ராமேஸ்வரத்துக்குப் படகு ஏறி வந்தவங்க அகதி. புத்தளத்துக்குப் போனவங்க 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்'. அதாவது உன் நாட்டுக்குள்ளதானே இருக்கே, உன் அரசாங்கமே உன்னைப் பார்த்துக்கும்ங்கிற லாஜிக். ஆனா, புத்தளம் வாய்மொழியில அவங்களுக்கு ஒட்டின பேர் 'அகதி'தான். அங்கேயே பிறந்த குழந்தைக்கும் அதே பேர்!

நம்மள மாதிரி படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சுருக்குனு குத்தும். இலங்கையில யுனிவர்சிட்டி சீட்டுக்கு மாவட்டக் கோட்டா உண்டு. பின்தங்கின மாவட்டத்துக்குக் கொஞ்சம் சலுகை. 'எங்க மாவட்டத்துச் சீட்டை வந்தவங்க எடுத்துக்கிறாங்க'னு புத்தளத்துக்காரங்களுக்கு வருத்தம். 'எங்க ஊரையே பிடுங்கிட்டாங்க, நாங்க எந்த ஊர்க் கோட்டாவுல எழுதுறது?'னு வந்தவங்களுக்கு வருத்தம். சோறு போட்டவங்களுக்கும் சாப்பிட்டவங்களுக்கும் நடுவுல கூலி, தண்ணி, சீட்டு, வேலைனு ஒவ்வொண்ணா உரசல். ரெண்டு பக்கமும் ஏழைங்க. இந்த நிலைமையை உண்டாக்கினவங்க அந்த இடத்துலயே இல்லை.

அதே அக்டோபர் 30

வரலாறு சில சமயம் காலண்டரைப் பார்த்து அடிக்கும்போல. சரியா அஞ்சு வருஷம் கழிச்சு, 1995 அக்டோபர் 30. ராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்குது. இந்தத் தடவை தமிழர்களையே கிளம்பச் சொல்லிப் புலிகள் அறிவிக்கிறாங்க. மழையில, ராத்திரியோட ராத்திரியா, தலையில மூட்டையோட லட்சக்கணக்கான தமிழர்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்தாங்க. வழியில வயசானவங்க விழுந்தாங்க, குழந்தைங்க தொலைஞ்சாங்க.

இந்த 1995 இடப்பெயர்வு நம்ம ஊர்ல பலருக்குத் தெரியும். கட்டுரை இருக்கு, கவிதை இருக்கு. 1990-க்கு மட்டும் ஒரு மௌனம். ரெண்டும் ஒரே ரோடு, ஒரே தேதி. ரெண்டு தடவையும் நடந்த கால்கள் சாதாரண ஜனங்களோட கால்கள்!

சாரி சொன்னாங்க... வீடு?

2002 ஏப்ரல்ல கிளிநொச்சியில பிரபாகரன் பிரஸ் மீட். உலகமே திரும்பிப் பார்த்த மீட்டிங். முஸ்லிம்கள் வெளியேத்தப்பட்டது பத்திக் கேள்வி வந்தப்போ, பக்கத்துல இருந்த அன்டன் பாலசிங்கம், அது அரசியல் தவறுனு ஒப்புக்கிட்டு வருத்தம் தெரிவிச்சார். அடுத்த சில நாள்ல ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூஃப் ஹக்கீமோட ஒப்பந்தம். முஸ்லிம்கள் திரும்பி வரலாம்னு கையெழுத்து. போய்ப் பார்த்துட்டு வந்தவங்க உண்டு. ஆனா சமாதானம் நிலைக்கலை. மறுபடி போர்.

2009-ல போர் முடிஞ்சது. சரி, இனி ஊருக்குப் போகலாம்தானே? இங்கேதான் ரியல் சிக்கல். கொஞ்சம் லிஸ்ட் போடுறேன்.

முதல்ல, க்யூ. வன்னியில இருந்து புதுசா வந்த மூணு லட்சம் பேருக்கு அவசர உதவி தேவைப்பட்டது. அது நியாயம். ஆனா 1990-ல வந்தவங்க 'பழைய இடப்பெயர்வு'னு லிஸ்ட்டோட கடைசிக்குப் போயிட்டாங்க. இருபது வருஷமா காத்திருக்கிறதே அவங்களுக்கு மைனஸ் மார்க்!

அடுத்தது, நிலம். போகும்போது ஒரு குடும்பம். திரும்பும்போது அதுவே நாலு குடும்பம். இருக்கிறதோ ஒரு துண்டு நிலம். அதுலயும் வேற யாரோ இருப்பாங்க. இலங்கைச் சட்டப்படி பத்து வருஷம் தொடர்ச்சியா ஒரு நிலத்தை அனுபவிச்சா, அதுக்கு உரிமை கோரலாம். துப்பாக்கி முனையில துரத்தப்பட்டவன் எப்படிப் பத்து வருஷத்துக்குள்ள வந்து தடுப்பான்? இதைச் சரிபண்ண தனிச் சட்டம் வந்ததே 2016-லதான்.

மூணாவது, காடு. மன்னார் தெற்குல மறிச்சுக்கட்டி மாதிரியான ஊர்கள்ல இருபது வருஷம் ஆள் இல்லை. மரம் வளர்ந்துடுச்சு. 2012-ல அரசாங்கம் அதையும் சேர்த்து ஒதுக்கப்பட்ட காடுனு கெஜட்ல போட்டுது. திரும்பி வந்து புதர் வெட்டினவங்க மேல, 'வில்பத்து காட்டை அழிக்கிறாங்க'னு தெற்குல பெரிய பிரசாரம். சொந்த ஊர்ல வீடு கட்டினவன் ஆக்கிரமிப்பாளர் ஆயிட்டான்!

நாலாவது, ஓட்டு. பல பேருக்கு இருக்கிறது புத்தளம், வாக்காளர் பட்டியல்ல பேர் மன்னார். 2019 நவம்பர் ஜனாதிபதி தேர்தல் அன்னிக்கு, ஓட்டுப்போட மன்னாருக்கு பஸ்ல போனவங்க மேல வழியில தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. யோசிங்க... வெளியேத்தி 29 வருஷம் ஆகியும், சொந்தத் தொகுதியில ஒரு ஓட்டுப் போடுறதுக்கு அவ்வளவு தூரம் பஸ் ஏறணும், குண்டையும் தாண்டணும்.

இதுக்கு நடுவுல மனசைத் தொட்ட ஒரு விஷயமும் இருக்கு. மன்னார்ல இருந்து வெளியேத்தப்பட்டவங்கள்ல ஒருத்தர் ஷிரீன் சரூர். கோபத்தை மனசுல வெச்சுக்கிட்டு உட்காரலை. மன்னார்ல தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒண்ணாச் சேர்த்து அமைப்பு கட்டினார். புருஷனைப் போர்ல தொலைச்ச தமிழ் அக்காவும், வீட்டைத் தொலைச்ச முஸ்லிம் அக்காவும் ஒரே பாய்ல உட்கார்ந்து பேசினாங்க. பெரிய மனுஷங்க போட்ட ஒப்பந்தத்தைவிட இதுக்கு ஆயுசு அதிகம்னு எனக்குத் தோணுது.

நாடும் இல்லைன்னா?

வடக்கு முஸ்லிம்களுக்கு ஊர் போச்சே தவிர, குடியுரிமை போகலை. அடையாள அட்டை இருந்தது. அது இருந்தும் இத்தனை பாடு. அதுவும் இல்லாதவங்க நிலைமை?

மியான்மர்ல ரோஹிங்யா முஸ்லிம்களை 1982-ம் வருஷக் குடியுரிமைச் சட்டம் கணக்குலயே எடுத்துக்கலை. தலைமுறையா வாழ்ந்த மண்ணுல ஒரே நாள்ல 'வெளியாள்'. 2017 ஆகஸ்ட்ல ராணுவத் தாக்குதலுக்குப் பயந்து ஏழு லட்சம் பேருக்கு மேல பங்களாதேஷுக்கு ஓடினாங்க. அதுக்கு முன்னாடியே ஓடி வந்த சில குடும்பங்கள் 2012-ல நம்ம சென்னைக்குப் பக்கத்துல கேளம்பாக்கத்துக்கு வந்து, ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடத்துல தங்கினாங்க. சேலையைத் தடுப்பாக் கட்டி ரூம் பிரிச்சாங்க, பழைய பொருள் பொறுக்கிப் பிழைச்சாங்க. அவங்க பிள்ளைங்க பக்கத்து ஸ்கூல்ல அ, ஆ, இ, ஈ படிச்சாங்க. தமிழ் எழுதத் தெரிஞ்ச அந்தக் குழந்தைக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் கிடையாது.

இந்த விஷயம் தமிழனுக்குப் புதுசும் இல்லை. 1948-ல இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத்துல உழைச்ச நம்ம ஆட்கள் லட்சக்கணக்கானவங்களை நாடற்றவங்களா ஆக்குச்சு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவங்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டது. கோத்தகிரி, கூடலூர் பக்கம் போனா அவங்க பேரப்பிள்ளைங்களை இன்னிக்கும் பார்க்கலாம். இந்தியாவுல 1951 அகதிகள் உடன்படிக்கை இன்னும் கையெழுத்தாகலை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல மூணு நாடு, ஆறு மதம்னு ஒரு லிஸ்ட். அதுல முஸ்லிம் ரோஹிங்யாவுக்கும் இடம் இல்லை, இந்து ஈழத் தமிழனுக்கும் இடம் இல்லை.

சரி, திருப்பூருக்கு என்ன?

நம்ம ஊர்ல சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு மார்க்கெட்டுக்கு வர்ற கூட்டத்துல பாதிப் பேர் பேசுறது ஹிந்தி, ஒடியா, வங்காளி. அதுல வங்காளி பேசுற முஸ்லிம் பையன்னா, 'நீ மேற்கு வங்கமா, பங்களாதேஷா?'னு பார்வை கொஞ்சம் மாறும். எல்லை தாண்டி வந்தவங்களைச் சட்டப்படி விசாரிக்க வேண்டியதுதான். அதுக்குப் போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு. ஆனா பேரையும் பேச்சையும் வெச்சு ஒரு கூட்டத்தையே சந்தேகப்பட ஆரம்பிச்சா, அது எங்கே போய் முடியும்னு 1990 அக்டோபர் காட்டியிருக்கு. நாலு பேர் மேல சந்தேகம்... அப்புறம் ஒலிபெருக்கி... அப்புறம் ரெண்டு மணி நேரம்.

ஈழத்துக்காக நாம அழுத கண்ணீர் பொய் இல்லை. அந்த மக்கள் பட்ட பாட்டுக்கு நீதி கேட்கிறதை விடவும் வேண்டாம். ஆனா அந்தப் பட்டியல்ல இந்த 75,000 பேர் பேரும் இருக்கணும். 'இதைப் பேசினா சிங்கள அரசுக்குச் சாதகம் ஆயிடும்'னு சிலர் சொல்வாங்க. யாழ்ப்பாணத்து வாத்தியார்கள் துப்பாக்கிக்கு நடுவுல இருந்தே எழுதினாங்க. நாம இங்கே டீயும் பன்னும் சாப்பிட்டுக்கிட்டே பேசுறதுக்கு என்ன பயம்?

1990-ல அம்மா இடுப்புல உட்கார்ந்து அந்த ரோட்டுல போன குழந்தைக்கு இப்போ முப்பத்தஞ்சு வயசுக்கு மேல. அவங்க பிள்ளைங்க நம்ம வயசை நெருங்கிட்டாங்க. புத்தளத்துல பிறந்து வளர்ந்தவங்க. 'உங்க சொந்த ஊர் எது?'னு கேட்டா, தான் ஒருநாள்கூட வாழாத ஒரு தெருப் பேரைச் சொல்வாங்க... அதுவும் நம்ம தமிழ்லயே.

இந்த அக்டோபர் 30 அன்னிக்கு, உங்க காலேஜ் கேன்டீன்ல யாராவது ஒருத்தர்கிட்ட இந்தக் கதையைச் சொல்லுங்க. 'முஸ்லிம் எங்கடா வந்தாங்க?'னு கேட்கிற ஃப்ரெண்ட் உங்களுக்கும் ஒருத்தன் இருப்பான்!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம் மக்களே!